ஒன்பதாவது லாரி

கொருக்குப்பேட்டை கேட் சாத்தியிருக்கிறது.
ஒரு கூட்ஸ் போய்
இன்னொன்று வருவதற்குள்
ஒரு மூச்சுக்குத் திறப்பார்கள்.
அதற்குள் ஆட்டோ, மீன்பாடி வண்டி, ஸ்கூல் பிள்ளைகள், ஒரு ஆம்புலன்ஸ்.
திறந்த பிறகு கிக்கரை உதைக்கிறவன்
அடுத்த கூட்ஸுக்கும் இங்கேதான் நிற்பான்.

படக்குழாய் டிவியும் அப்படித்தான்.
மின்கற்றை வரிவரியாகக் கோடு போட்டுக் கீழே வந்து
மறுபடி மேலேறுகிற சின்ன இருட்டில் மட்டும்
படத்தில் கை வைக்கலாம்.
இரண்டாயிரத்துச் சொச்சம் துடிப்பு.
பொம்மைகளை ஏற்றவே அதில்
ஐந்நூற்றுப் பதின்மூன்று போய்விடும்.
மிச்சத்தில் ரோடு, வானம், ஸ்கோர்.
எல்லாவற்றையும் முன்னாலேயே கட்டிவைத்து
என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பெட்டி பர்மா பஜாரில் வாங்கியது,
முந்நூறு சொல்லி இருநூற்றெழுபதுக்கு.
எனக்கு மணலியில் எடைமேடை வேலை.
சரக்கோடு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை,
கழித்து எழுதி சீல் வைப்பது.
அதே கண்ணால்தான் இதையும் பார்க்கிறேன்.
இந்த வரி என்ன கனம்?
இது இல்லாமல் வண்டி ஓடுமா?

இந்தச் சிப்புக்குக்
கூட்டத் தெரியும், பெருக்கத் தெரியாது.
எத்திராஜுக்கு இரண்டும் தெரியாது,
துடைப்பம் எந்த மூலையில் என்றும் தெரியாது.
சிப்புக்கு மட்டும் வாய்ப்பாடு எழுதிக் கொடுத்தேன்.
கணக்குப் போடாதே, பார்த்துச் சொல்.
வாய்ப்பாடு பக்க எல்லையைத் தாண்டினால்
ஒரு துடிப்பு அபராதம்.
இழுத்து ஒரே பக்கத்தில் உட்கார வைத்தேன்.
எட்டு சுற்று சுற்றுகிற இடத்தில்
சுற்றாமல் எட்டு முறையும் எழுதினேன்.
இடம் போச்சு, நேரம் வந்தது.

ஞாயிறு விடிகாலை
நொடிக்கு ஐம்பது படம்,
ஒன்றுகூட விழாமல்.
யாரிடம் சொல்வது?
பால் போடுகிற பையனிடம் சொன்னேன்.
"சரிக்கா, நேத்து காசு பாக்கி."

விளையாட்டு வேறொன்றுமில்லை.
துறைமுகக் கேட்டுக்கு முன்னால் பத்து டிரெய்லர்.
நகர வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் எத்திராஜ் வந்தான்,
எண்ணூர் ரோட்டில் இரண்டு ராத்திரி
வண்டியிலேயே கிடந்த வாசனையோடு.
சோற்றைப் பிசைந்துகொண்டே பார்த்தான்.
"பத்து வண்டின்ன. எட்டுதான் கீது."

பெட்டியின் சட்டம் அது.
ஒரு வரியில் எட்டுப் பேருக்குத்தான் வெளிச்சம்.
ஒன்பதாவது வண்டி இருக்கும், நகரும், இடித்தால் மோதும்,
கண்ணுக்கு மட்டும் தெரியாது.
"அப்ப அதான் என் வண்டி" என்றான்.
ரசம் கேட்டான்.

அவன் தூங்கிய பிறகு
படத்துக்குப் படம் வரிசையின் தலையை மாற்றினேன்.
இதில் முதலில் நின்றவன்
அடுத்ததில் கடைசி.
பத்துப் படத்தில் எட்டில் ஆள் உண்டு,
இரண்டில் இல்லை,
யாராக இருந்தாலும்.
வண்டிகள் நடுங்கின,
மணிக்கணக்காய் அணைக்காமல் நிற்கிற என்ஜினில்
கண்ணாடி நடுங்குமே, அப்படி.
அழகில்லை. இருக்கட்டும்.

அதற்குச் செலவான துடிப்புகளை மீட்க
வானத்தை விற்றேன்.
இரண்டு மேகம், ஒரு காக்கா.
ரிஃபைனரிப் புகைபோக்கியின் தீயை மட்டும்
கொடுக்க மனசு வரவில்லை.

கடைசியில் பத்து துடிப்பு மிஞ்சியது.
ஒன்றும் செய்யாதே என்று ஒரு கட்டளை உண்டு,
இரண்டு துடிப்பு தின்னும்.
ஐந்து முறை அடித்தேன்,
சும்மா இரு, சும்மா இரு என்று.

பின்னால் பாயில் அவன் திரும்பிப் படுத்தான்,
இடது கால் கிளட்ச்சை மிதித்தபடி.
அவன் செல் அதிர்ந்தது.
டோக்கன் வந்துவிட்டதாம்,
நாலரைக்குள் கேட்டில் இருக்க வேண்டுமாம்.

எழுப்ப வேண்டும்.
ஒரு ஐம்பது படம் போகட்டும் என்று
நின்றேன்.